வாசப்படிக் கட்டை

செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க சார். கோவிச்சுக்காதீங்க. லாரின்னா சேத்துக் காலோட ஏறிக்கலாம்னு எல்லாரும் நெனைக்கறாங்க. இது எம்பட ஊடுங்க. உங்க ஊட்டுக்குள்ள செருப்போட போவீங்களா? அந்தச் சாக்கு மேல வெச்சுக்கங்க, ஆமா, அங்கதான். பையைக் குடுங்க, பின்னால பலகை மேல வெக்கறேன். வேண்டாமுங்களா? மடியிலயே இருக்கட்டுமா? சரி, உங்க இஷ்டம். பாத்தாலே கனமாட்டத் தெரியுது. தர்மபுரி போறதுக்குள்ள தொடை மரத்துப் போயிரும், அப்பறம் எம்மேல குத்தஞ் சொல்லக் கூடாது.

கரட்டூர் பிரிவுன்னுதானுங்க சொன்னீங்க? அந்த எடம் எனக்குத் தெரியாம என்ன, நல்லாவே தெரியும். அந்தப் பேரைக் கேட்டாலே எனக்கு வவுறு எரியும். அதை அப்பறம் சொல்றேன். மொதல்ல சங்ககிரியத் தாண்டுவோம்.

ஒண்ணு கேக்கோணும்னு நெனச்சேன். டீக்கடையில வந்து நின்னு, "நாச்சிமுத்துங்களா?"ன்னு பேரைச் சொல்லிக் கேட்டீங்களே, எப்படிங்க தெரியும்? வண்டி முன்னால 'பொன்காளி துணை'ன்னு மட்டுந்தான எழுதியிருக்குது. கடைக்காரன் சொல்லியிருப்பான். அவனுக்கு வாயி சும்மா இருக்காது. எங்கிட்டயே வந்து சொல்றான், "அண்ணா, இந்தச் சாரு காலையில இருந்து உக்காந்திருக்காரு. எத்தனையோ பஸ்ஸு போயிருச்சு, ஒண்ணுலயும் ஏறல. ஒவ்வொரு லாரியா எட்டி எட்டிப் பாக்கறாரு"ன்னு. பஸ்ஸு ஒத்துக்காதுங்களா? சில பேருக்கு வாந்தி வரும். எம்பட சம்சாரம் பூவாத்தாளுக்கும் அப்படித்தான், பஸ்ஸுன்னா மரவட்டை மாதிரி சுருண்டுக்குவா. லாரியில ஏத்துனா ஜம்முனு வருவா.

வாத்தியாருங்களா? இல்லையா? சட்டை வெள்ளவெளேர்னு இருக்குதே, அதான் கேட்டேன். கூட்டுறவுச் சங்கமா. சரி, சரி. அதிகம் பேச மாட்டீங்களாட்ட இருக்குது. பரவால்லீங்க. நான் பேசுவேன். கிளீனரெல்லாம் இப்ப யாருக்குங்க கெடைக்கறான்? மாசக்கணக்கா தனியா ஓட்டறவனுக்கு ஆளு சிக்குனா விடுவனா?

கொஞ்சம் இருங்க. இப்ப ஒரு எடம் வருது பாருங்க. அந்த மஞ்சப் போர்டு தாண்டி... இதோ. இதோ. தாண்டிட்டோம். பாத்தீங்களா? ஒண்ணும் தெரியாதுங்க, வெறும் தாரு. அதுதான் எம்பட பழைய ஊடு. நாலு வழி ரோடு போடறப்ப எடுத்துக்கிட்டாங்க. நாம போற லைன்ல சமையக்கட்டு, அக்கட்டால லைன்ல மாட்டுக் கொட்டாய். எம்பட அடுப்பு மேல ஊருப்பட்ட வண்டி ஓடுது. நானே ஓட்டறேன். மொதல் தடவை ஓட்டறப்ப பிரேக்கை மிதிச்சுட்டேன், பின்னால வந்தவன் எங்கம்மாவை இழுத்துத் திட்டிட்டுப் போனான்.

அப்பறம் வேற ஊடு கட்டலீங்க. பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில மேஸ்திரி. மாடி மேல எனக்குன்னு ஒரு ரூம்பு போட்டு வெச்சிருக்கான். பூவாத்தா அவங்கூடப் போயிட்டா. நானும் போயிப் படுத்துப் பாத்தேன். தூக்கம் வரல. தரை ஆடவே மாட்டேங்குது. கண்ணை மூடுனா எங்கயோ பள்ளத்துல நிறுத்திட்டாப்பல இருக்குது. எந்திரிச்சு வந்து தெருவுல நின்ன லாரியிலயே படுத்துக்கிட்டேன். அன்னைக்கே பூவாத்தா சொல்லிட்டா, "இதையே கட்டிக்கிட்டு அழு, இனி எனக்கும் உனக்கும் ஒண்ணுமில்ல"ன்னு. கோவத்துல சொன்னதுதான். ஆனா அப்பறம் வந்து கூப்பிடவும் இல்ல.

எனக்கென்னங்க கொறைச்சல்? திரும்பிப் பாருங்க. மெத்தை, போர்வை, கொடியில துண்டு. வெளிய டூல் பாக்ஸுக்குப் பக்கத்துல சமையல் பெட்டி, அதுல அடுப்பு, அரிசி, பருப்பு, பூண்டு ஊறுகா எல்லாம் இருக்குது. தண்ணிக்குத் தொட்டி இருக்குது. கண்ணாடியில மூஞ்சி பாத்துச் சவரம் பண்ணிக்குவேன். ஒரு துளி அழுக்கு காட்ட முடியுமா நீங்க? ஆஸ்பத்திரிக்குப் போனா அட்ரஸ் கேப்பாங்க. வண்டி நம்பரைச் சொல்லுவேன். அந்த நர்ஸம்மா சிரிக்கும். சிரிக்கட்டும், எனக்கு அதுதான அட்ரஸு.

பையன் ஒருக்கா போன்ல கத்துனான், "இப்படியே ரோட்டுலயே கெடந்து செத்துப் போவீங்க"ன்னு. நான் சொன்னேன், "ரோட்டுல சாகறவன் அனாதை இல்லடா, சுத்தி நின்னு வேடிக்கை பாக்க அத்தனை பேரு வருவாங்க, உங்க மாடியில செத்தா எவன் வருவான்?"னு. எப்படி எம்பட பதிலு? ஏனுங்க, சிரிக்க மாட்டேங்கறீங்க. சரி, விடுங்க. எல்லாருக்கும் எம்பட பேச்சு பிடிக்காது.

தொப்பூர் கணவா ஏறுனதும் ஒரு டீ குடிப்போம்.

என்னங்க நீங்க, டீயும் வேண்டாம், பன்னும் வேண்டாம். எறங்கவே மாட்டேனுட்டீங்க. பையையாச்சும் கீழ வெச்சிருக்கலாம். அப்படி என்னதானுங்க வெச்சிருக்கறீங்க அதுல? நான் பாக்க மாட்டேன், பயப்படாதீங்க. அடுத்தவன் பொருள்ல கை வெக்கற பழக்கம் எனக்குக் கெடையாது. அந்தப் பழக்கம் இருக்கறவனுக கரட்டூர் பிரிவுலதான் இருக்கறானுக. உங்க ஊருக்காரனுகன்னு கோவிச்சுக்காதீங்க, உள்ளதைச் சொல்றேன்.

நீங்களே கேட்டுட்டீங்க, "அந்த ஊரு மேல என்ன கோவம்?"னு. வண்டி ஏறுனதுல இருந்து இப்பத்தான் வாயைத் தொறந்து ஒரு கேள்வி கேக்கறீங்க. சொல்றேன், கேளுங்க.

எம்பட ஊட்டை இடிக்கறப்ப மிஷினு வந்து நிக்குது. எல்லாரும் கூரை ஓட்டை எடு, பாத்திரத்தை எடுன்னு ஓடறாங்க. நான் வாசப்படியத்தான் பேத்தேன். வேங்கை மரம். எங்கய்யன் காலத்துது. கல்யாணமாகி பூவாத்தா அதத் தாண்டித்தான் உள்ள வந்தா. வெள்ளிக்கிழமையானா மஞ்சப் பூசி, குங்குமம் வெச்சுக் கும்பிடுவா. அதைத் தூக்கிக்கிட்டுப் போயி ஆசாரிகிட்டக் குடுத்து, சக்கரத்துக்கு அடை கொடுக்கற கட்டையா அறுத்து வாங்கிட்டேன். ஒரு பக்கம் ஒசரம், ஒரு பக்கம் சரிவு. மேட்டுல நிறுத்தறப்ப டயருக்குப் பின்னால வெச்சா வண்டி உருளாது. எங்காச்சும் தங்குனா அதே கட்டையைக் கேபின் கதவுக்குக் கீழ போட்டுக்குவேன், அதுல கால் வெச்சுத்தான் ஏறுவேன். குஜராத்தோ ஆந்திராவோ, எங்க போய் நின்னாலும் எம்பட வாசப்படியில கால் வெச்சு எம்பட ஊட்டுக்குள்ள போறேன். புரியுதுங்களா? லாரி ஊடானது அந்தக் கட்டையாலதான். கம்பியக் காய்ச்சி, 'நாச்சிமுத்து, சங்ககிரி'ன்னு சுட்டு எழுதி வெச்சிருந்தேன், வேற யாரும் எம்பட்டதுன்னு சொல்லிரக் கூடாதுன்னு.

அந்தக் கட்டையைத்தானுங்க உங்க ஊர்ல களவாண்டுட்டாங்க.

போன ஐப்பசியில. பொழுது எறங்கற நேரம், இதே நேரந்தான். கரட்டூர் பிரிவு பள்ளத்துல இருக்குதா, அதத் தாண்டி மேட்டுல ஏறறேன், பின் டயரு பட்டுனு போயிருச்சு. லோடு இருக்குது. ஓரங்கட்டி நிறுத்துனேன், கட்டையைப் பின் சக்கரத்துக்கு அடை வெச்சேன். பின்னால வர்றவனுக்குத் தெரியோணும்னு வேப்பங்கொத்தை ஒடிச்சு ரோட்டுல போட்டேன். நான் அதெல்லாம் கரெக்டாப் பண்ணுவனுங்க. சில பேரு கல்லைப் பொறக்கி வரிசையா வெப்பானுக, டயரை மாட்டிட்டு அப்படியே போட்டுட்டுப் போயிருவானுக. அவனுகளையெல்லாம் கட்டி வெச்சு உரிக்கோணும்.

தனியாளா ஜாக்கி போட்டு, டயரை மாத்தி முடிக்கறதுக்குள்ள மழை பிடிச்சுக்கிச்சு. சாதாரண மழை இல்ல, ரோடே தெரியல. வேப்பங்கொத்தெல்லாம் தண்ணியில போயிருச்சு. ஏறி உக்காந்து வண்டிய எடுத்தேன். அப்பறம் ஒசூரு போயித்தான் பாக்கறேன், எறங்கறதுக்குக் கீழ போடலாம்னு தேடறேன், கட்டை இல்ல. அந்தரத்துல கால் நிக்குது. மறந்துட்டேன்.

ஆமாங்க, மறந்துட்டேன்.

ஏனுங்க திரும்பத் திரும்ப அதையே கேக்கறீங்க? மறந்துட்டீங்களா, மறந்துட்டீங்களான்னு. சரி, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. மறக்கலீங்க. எங்க தொழிலு தெரிஞ்சவனுக்குச் சொல்லாமயே புரியும். லோடு வண்டி மேட்டுல நிக்கறப்ப கட்டையை மொதல்ல எடுத்துட்டு அப்பறம் ஏற முடியுங்களா? வண்டி பின்னால உருண்டு ஆளையே அரைச்சிரும். வண்டிய மொதல்ல நகத்தோணும், அப்பறந்தான் கட்டை. கிளீனர் இருந்தா வண்டி நகந்ததும் கட்டையை உருவிக்கிட்டு ஓடி வந்து ஏறிக்குவான். தனியாளு என்ன பண்ணுவான்? வண்டிய மேட்டு மேல ஏத்தி, சமமான எடத்துல நிறுத்தி, எறங்கித் திரும்ப நடந்து வந்து எடுக்கோணும். நான் மேட்டு மேல ஏத்தி நிறுத்துனேன். நிறுத்தலேன்னு யாரும் சொல்ல முடியாது. கண்ணாடியில பாத்தேன். மழை கொட்டுது. அவ்வளவு தூரம் நடந்து போயி எடுத்துட்டு வந்தா தொப்பலா நனைஞ்சிருவேன். நனைஞ்ச துணியோட எம்பட மெத்தையில எப்படிங்க ஏறறது? ஊடே நாறிப் போயிருமே. சித்த நேரம் மழை விடட்டும், எறங்கலாம்னு உக்காந்திருந்தேன்.

அப்பத்தான் வந்தான் அந்தத் திருடன்.

ஒத்த லைட்டு. ஸ்கூட்டரு. கண்ணாடியில பாக்கறேன், பள்ளத்துல இருந்து ஓரமா ஏறி வருது. நேரா எம்பட கட்டை கெடந்த எடத்துக்கிட்ட வந்ததும் லைட்டு அணைஞ்சு போச்சு. அவ்வளவுதான். அப்பறம் அந்த வண்டி என்னையத் தாண்டி வரவே இல்ல. வெளங்குதுங்களா? நிறுத்தி, லைட்டை அணைச்சு, எம்பட கட்டையைத் தூக்கிக்கிட்டுப் பிரிவுல திரும்பிப் போயிட்டான்! கண்ணு முன்னால களவு! நான் ஹாரன் அடிச்சேன். "டேய், வெய்யிடா கீழ"ங்கற மாதிரி விடாம அடிச்சேன். சரி, போனது போச்சுன்னு வண்டிய எடுத்துட்டேன்.

சத்தமா? என்ன சத்தமுங்க? தார்ப்பாய் மேல மழை அடிக்கறப்ப என்னத்தக் கேக்கும். ஒண்ணும் கேக்கல.

தண்ணி குடிக்கறீங்களா? பன்னு கூடத் திங்காம வர்றீங்க. சக்கரை இருக்குதுங்களா? எங்கிட்ட வெல்லம் இருக்குது, வாயில போட்டுக்கங்க. வேண்டாமா. உங்களுக்கு எதுவுமே வேண்டாம். நல்ல ஆளுங்க நீங்க.

இன்னும் கேளுங்க கூத்தை. திரும்பி வர்றப்ப அங்க நிறுத்தித் தேடுனேன். பிரிவுல ஒரு பொட்டிக்கடை இருக்குதுல்ல, அங்க போயி, "இங்க ஒரு கட்டை கெடந்துச்சா?"ன்னு கேட்டேன். கடைக்காரன் எம்மூஞ்சியவே பாக்கறான். "உன்னோட கட்டையா அது?"ங்கறான். ஆமான்னேன். உக்காந்திருந்தவங்க அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னுட்டாங்க. "பேசாம வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிரு, இங்க நிக்காத"ன்னான். பாருங்க அக்கிரமத்தை! பறிகுடுத்தவனையே மெரட்டறானுக. ஊரே கூட்டுக் களவாணி. நான் எதுக்கு வம்புன்னு வந்துட்டேன். ஆனா சும்மா விடல.

காசு வெட்டிப் போட்டுட்டேன்.

உங்க பக்கம் அந்த வழக்கம் இல்லீங்களா? எங்க பக்கத்துல உண்டு. களவு குடுத்தவன் கோயிலுக்குப் போயி, ஒரு காசை உளி வெச்சு ரெண்டா வெட்டி, சாமி முன்னால போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரோணும். அதுக்கு மேல சாமி பாத்துக்கும். நான் பொன்காளி முன்னால நின்னு சொல்லித்தான் வெட்டுனேன். "எம்பட வாசப்படிய எடுத்தவன் எவனோ, அவன் ஊட்டு வாசல்ல வெளக்கு எரியக் கூடாது தாயி"ன்னு. பூவாத்தாளுக்குத் தெரிஞ்சு போன்ல ஒரே அழுவை. "ஒரு கட்டைக்காக எவ குடியக் கெடுத்தயோ, போயி வாக்கைத் திருப்பி வாங்கு"ன்னு. அவளுக்கென்ன தெரியும்? அவளுக்குத் தரையில ஊடு இருக்குது. எனக்கு அந்தக் கட்டைதான ஊடு. இப்ப இந்த லாரி வெறும் லாரிதானுங்க. ஏறறேன், எறங்கறேன், ஊட்டுக்குள்ள போறாப்பலயே இல்ல. வாடகைக்கு இருக்கறாப்பல இருக்குது.

தர்மபுரி தாண்டிருச்சு. மேகத்தைப் பாருங்க, எப்படிக் கட்டிக்கிட்டு நிக்குதுன்னு. போன வருசம் மாதிரியே. ஊர்ல ஏதும் விசேஷமுங்களா? தெவசமா? யாருக்குங்க? சொல்ல இஷ்டமில்லீன்னா வேண்டாம். வருசத் தெவசம்னா சொந்தத்துல நெருக்கமாத்தான் இருக்கோணும். நாளைக்கா? மழை விட்டாப் பரவால்ல, சாமானெல்லாம் நனைஞ்சிரும்.

எழவு விசேஷம்னு சொன்னீங்க, அதுல ஒண்ணு ஞாபகம் வருது. உங்க பிரிவுல ஒரு ஃப்ளெக்ஸு கட்டியிருக்குதுல்ல, கண்ணீர் அஞ்சலின்னு? ஒரு பொம்பளப் புள்ள. கருப்பு அங்கி, தலையில சதுரத் தொப்பி, பட்டம் வாங்குனப்ப எடுத்த போட்டோ. கண்ணாடி போட்டுக்கிட்டு, பல்லு தெரியச் சிரிச்சுக்கிட்டு இருக்கும். சுடர்க்கொடின்னு பேரு. கீழ தேதியெல்லாம் போட்டிருக்குது, ஓடற வண்டியில இருந்து அவ்வளவு சின்ன எழுத்தைப் படிக்க முடியாது. அந்தச் சனியன் பிடிச்ச ஊர்ல எனக்குப் பிடிச்சது அந்தப் புள்ள ஒண்ணுதானுங்க. போறப்பெல்லாம், "போயிட்டு வர்றேன் அம்முணி"ன்னு சொல்லிட்டுத்தான் போவேன். தனியா போறவனுக்கு யாராச்சும் ஒருத்தர் வழியனுப்போணுமில்ல. எவனோ குடிகாரன் இடிச்சிருப்பான். இடிச்சுட்டு நிக்காமயே போயிருப்பான். அப்படிப்பட்டவனுக்குச் சோறு எப்படிங்க எறங்கும்? பெத்தவங்களைத் தெரியுமுங்களா உங்களுக்கு? ஒரே ஊருன்னா தெரிஞ்சிருக்குமே.

தலையை மட்டும் ஆட்டறீங்க. பாவம். பெத்தவங்க எப்படி இருக்கறாங்களோ.

மழை பிடிச்சிருச்சு பாத்தீங்களா? சொன்னேன்ல. வைப்பரு ஒண்ணுதான் வேலை செய்யுது, அதுவும் எம்பட பக்கந்தான். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நல்லதுதான், பயமில்லாம வருவீங்க. இதோ பள்ளம் எறங்குது. இதோ பிரிவு. அதா, அதா அந்தப் புள்ள, நனைஞ்சுக்கிட்டு நிக்குது. வர்றேன் சாமி! போயிட்டு வர்றேன் அம்முணி!

ஏனுங்க? என்னாச்சு? மூஞ்சியப் பொத்திக்கிட்டீங்க? இங்கதான எறங்கோணும், நிறுத்தட்டுமா? இல்லையா? மேட்டு மேலயா? அங்க போயி எறங்குனா நீங்க திரும்ப நடந்து வரோணுமே, மழையில. அன்னைக்கு நான் நிறுத்துன எடத்துலயே நிறுத்தோணுமா? அது எதுக்குங்க உங்களுக்கு? சரி, சத்தம் போடாதீங்க, ஏத்தறேன். ஏத்தறேன்.

இந்தப் புளியமரம். இங்கதான் நின்னேன். கண்ணாடியில இப்படித்தான் பாத்தேன். எறங்குங்க, பாத்து எறங்குங்க, கீழ படி இல்ல. என்னங்க, பையை அவுக்கறீங்க?

அட.

அட பொன்காளி! எம்பட கட்டை! எம்பட வாசப்படி! குடுங்க, குடுங்க, கையில குடுங்க. அய்யோ சாமி, உங்களுக்குக் கோயிலே கட்டலாம்! பாருங்க, எழுத்து அப்படியே இருக்குது, 'நாச்சிமுத்து, சங்ககிரி'. ஓ, இதைப் பாத்துத்தான் பேரு தெரிஞ்சுதா? இதைக் குடுக்கறதுக்காகவா காலையில இருந்து லாரி லாரியா எட்டிப் பாத்தீங்க? இவ்வளவு நேரம் மடியில வெச்சுக்கிட்டு, நான் பொலம்பறதையும் கேட்டுக்கிட்டு வர்றீங்களே, முன்னாலயே சொல்லியிருந்தா என்னங்க?

இந்த மூலையில ஒரு சில்லு பேந்திருக்குது. வேங்கை அப்படியெல்லாம் பேராதுங்களே. வெள்ளைப் பெயிண்டு ஒட்டியிருக்குது, எம்பட வண்டியில வெள்ளை கெடையாது. இது என்ன, கருப்பா ஊறிப் போயி? குங்குமமா? குங்குமம் இப்படி ஊறாதுங்களே.

இருங்க. அப்ப, அந்த ஸ்கூட்டர்ல வந்து எடுத்தது நீங்கதானுங்களா? அய்யோ. அய்யய்யோ. நான் காசு வெட்டிட்டேனே! தெரியாம வெட்டிட்டேனுங்க, திருடன்னு நெனச்சு வெட்டிட்டேன். பத்திரமா வெச்சிருந்து கொண்டாந்து குடுக்கறவருன்னு எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்கே போயித் திருப்பி வாங்கிக்கறேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? ஊட்ல எல்லாரும் சொகந்தான? சொல்லுங்க, புள்ளகுட்டிக நல்லா இருக்குதுங்களா?

கண்ணாடியில என்னங்க? எதைக் காட்டறீங்க? ரோடுதான் தெரியுது. ரோடு, பள்ளம், கீழ பிரிவு, அந்த ஃப்ளெக்ஸு. ஃப்ளெக்ஸையா?

அந்தப் புள்ளையா?

ஸ்கூட்டர்ல... லைட்டு அணைஞ்சது...

சார். சார், கட்டையைப் புடுங்கிக்கிட்டு எங்க போறீங்க? மழையில எறங்காதீங்க. சார்! நான் சொல்றதக் கேளுங்க, நான் வேணும்னு பண்ணல. நான் அன்னைக்கு நிறுத்துனேன், நிறுத்தலேன்னு யாரும்... சார், அங்க வெக்காதீங்க! ரோட்டுல வெக்காதீங்க, வண்டி வரும்! அந்த எடத்துலயேவா? எடுங்க அதை! எடுத்து ஓரமாப் போடுங்க! நீங்க எதுக்கு அதும்பக்கத்துல நிக்கறீங்க? இக்கட்டால வாங்க! வெள்ளைச் சட்டை மழையில தெரியும்னு நெனைக்காதீங்க, தெரியாதுங்க, ஒண்ணுமே தெரியாது!

என்ன சொல்றீங்க, கேக்கல! நான் வந்து எடுக்கோணுமா? நானேவா?

கீழ லைட்டு வருதுங்க. ஒத்த லைட்டு. சார், லைட்டு வருது, தள்ளி நில்லுங்க! இதோ வர்றேன், எறங்கிட்டேன், ஓடி வர்றேன், பாருங்க! ஏ, நிறுத்து! ஏ, வண்டி, அக்கட்டால போ! கட்டை கெடக்குது, கட்டை! நிறுத்து சாமி!

போயிருச்சு. ஒதுங்கிப் போயிருச்சு. ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகலீங்க.

வேண்டாம், நீங்க குனியாதீங்க. நான் எடுக்கறேன். எடுத்துட்டேன். இதோ கையில இருக்குது, பாத்துக்கங்க. அழுவாதீங்க சார். இல்ல, அழுங்க. என்னைய அடிக்கோணும்னா அடிங்க.

லாரி அதா நிக்குது. கதவு தெறந்திருக்குது, உள்ள கொடியில துண்டு ஆடறது கூட இங்கிருந்து தெரியுது. இவ்வளவு கிட்டத்துலயாங்க இது கெடந்துச்சு? எம்பட சட்டையத் தொட்டுப் பாருங்க. முழுசாக் கூட நனையலீங்க.